பதிவேட்டில் வரிசையாக நின்ற வயதுகள்

நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் புது மென்பொருள் ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறார்கள். பழைய முறையில் பழகியவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அவர்களில் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார்கள். “மேடம், நீங்க கையால கூட்டிப் போட்ட காலத்துலேர்ந்து இருந்தவங்க. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் எப்படி சமாளிச்சீங்க? பயமா இருக்காதா?” என்று கேட்டார்கள்.

இருந்தது. முப்பத்தெட்டு வருடமும் இருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத உட்கார்ந்தபோது பிற்காலத்து மெஷின்களும் பரீட்சைகளும் நினைவுக்கு வரவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில், செஞ்சியில், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம்தான் வந்தது. அதையே எழுதுகிறேன்.

நான் சேர்ந்த வேலையின் பெயர் கம்ப்யூட்டர். அந்தப் பெயரில் ஒரு மெஷின் இருப்பதே அப்போது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, சுற்று வட்டாரத்துக் கிராமங்களின் பிறப்பு, இறப்பு, அம்மை குத்தல் விவரங்களை மாதாமாதம் கூட்டித் தொகுத்து மேலே அனுப்பும் ஆளுக்கு அந்தப் பெயர். நியமன உத்தரவை நான் படித்துக் காட்டியபோது நைனா கேட்டார்:

“இன்னா வேலைம்மா இது?”

“கணக்கு போடற வேலை நைனா.”

“யாரு கணக்கு?”

“ஜனங்க கணக்கு.”

நைனா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. அங்கிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் நான். அதுவும் தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு வர வேண்டும். நீட்டிப்பு வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி முதல் நாளே என்னோடு ஆபீசுக்கு வந்துவிட்டது.

மூன்று வாரப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கூட்டலை மேலிருந்து கீழே ஒருமுறையும் கீழிருந்து மேலே ஒருமுறையும் போட வேண்டும் என்பதைத் தவிர அதில் எதுவும் இப்போது நினைவில் இல்லை.

எங்கள் மெடிக்கல் ஆபீசர் டாக்டர் தரணேந்திரன். மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டு முடித்துவிடுவார். மாலை ஐந்தரைக்கு அவருடைய டிபன் கேரியர் திறக்கும் சத்தம் கேட்டால் எங்களுக்கு மணி பார்க்க வேண்டியதில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயம். மாத அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால், முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். பிறகு படிப்பார். கடிகாரத்தை மறுபடி கட்டிக்கொள்ளும்வரை எதிரில் நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. ஏதாவது ஒரு எண்ணின்மேல் விரலை வைத்து, “இது எப்படித் தெரியும்?” என்று கேட்பார். எந்த நோட்டு, எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் திட்ட மாட்டார். காகிதத்தை மெல்ல என் பக்கம் திருப்பி வைப்பார். இரண்டு முறை அப்படித் திருப்பி வைத்திருக்கிறார்.

அந்த அலுவலகத்தில் எனக்குப் பயமில்லாத ஒரே ஆள் பழனி அண்ணன். அம்மை குத்துகிறவர். முப்பது வருட சர்வீஸ். தோளில் பையும் கையில் குடையுமாகக் கிராமம் கிராமமாக நடந்தே போய், பல் வைத்த சின்னக் கருவியைக் கையில் அழுத்தித் திருகி அம்மை குத்திவிட்டு வருவார். நான் சேர்ந்த நாளில், ஆபீஸ் பானையிலிருந்து நானே தண்ணீர் எடுத்துக் குடிக்கலாமா, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று தயங்கி நின்றேன். அவர் டம்ளரை முக்கி எடுத்து என்னிடம் நீட்டினார். “குடிம்மா. வெயில்ல வந்திருக்க” என்றார். தான் ஒரு காரியம் செய்ததாகவே அவருக்குத் தெரியாது.

நான் சேர்ந்த நான்காம் மாதம் எல்லாம் மாறியது. சென்னையில் மெஷின் வந்துவிட்டது, இனி விவரங்களை அட்டையில் துளை போட்டு அதுவே எண்ணிவிடும், கிராமத்திலிருந்து கூட்டுத்தொகை வர வேண்டாம், ஒவ்வொரு ஆளின் விவரமும் தனித்தனியாகக் கட்டம் போட்ட தாளில் எண்களாக வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு வரியில் எண்பது கட்டம். ஊருக்கு ஒரு எண், ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு எண், வயது, தேதி, குத்திய இடம் கொப்புளித்துப் பலித்ததா என்பதற்கு ஒரு எண். கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது.

விளக்கிச் சொல்ல வந்தவர் போகும்போது சொன்ன ஒரு வாக்கியம் என்னைக் கொன்றுவிட்டது. “தப்பு அதிகமா வர்ற எடத்துல ஆளை மாத்திடுவாங்க. நல்லா பழகிட்டா, கொஞ்ச நாள்ல இவ்வளவு ஆளே தேவைப்படாது.”

பழகாவிட்டாலும் வேலை போகும், பழகினாலும் போகும். இதை யாரிடம் சொல்லி அழுவது?

பழகினேன். என் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருந்தன. சைபரின் வால் மேலே ஏறி ஆறாகத் தெரிந்தது. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் நூறு ஏழு, நூறு சைபர் எழுதினேன். இருபது வயதில் மறுபடியும் ஒன்றாம் வகுப்பு. உள்ளங்கை வியர்த்து மை கலைந்துவிடும் என்பதால் கைக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டேன். ஊர் எண்களைப் பாட்டுப் போல மனப்பாடம் செய்தேன். அனந்தபுரம் பஸ்ஸில் போகும்போதுகூட ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊரின் பெயருக்குப் பதில் அதன் எண்தான் வாயில் வந்தது.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முன்பெல்லாம் ஒரு கிராமத்தின் நோட்டிலிருந்து கூட்டுத்தொகையை மட்டும் எடுப்பேன். இப்போது ஒவ்வொரு மனிதரையும் தனியாக எழுத வேண்டியிருந்தது. எழுத எழுத நோட்டுகள் கண்ணுக்குப் பழகின. எங்கள் பக்கத்தில் அப்போது பெரியவர்களில் யாருக்கும் சரியான வயது தெரியாது. கேட்டால் “ஒரு முப்பது போட்டுக்கோ”, “நாப்பது இருக்கும்” என்பார்கள். அதனால் எல்லா நோட்டிலும் இருபத்தைந்து, முப்பது, நாற்பது, ஐம்பது என்று குவிந்து கிடக்கும். முப்பத்தொன்று, நாற்பத்துமூன்று அபூர்வம். எந்த ஊரிலும் மூன்று நாலு பேராவது குத்திக்கொள்ள மாட்டேன் என்றிருப்பார்கள். ஐந்தாறு பேர் வெளியூர் போயிருப்பார்கள்.

தொண்டூர் போகும் பாதையிலிருந்து விலகி, பாறைகளுக்குப் பின்னால் அறுபது வீடுகள் உள்ள ஒரு சின்ன ஊர் இருந்தது. பெயரை எழுத விரும்பவில்லை. அதன் நோட்டை எழுதிக்கொண்டிருந்தபோது என் பேனா நின்றது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துநான்கு, முப்பத்தேழு. எல்லா வயதும் வரிசையாக, அளவாக இருந்தன. மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. வெளியூர் போனவர் இல்லை. எல்லோருக்கும் பலித்திருந்தது. இவ்வளவு சுத்தமான ஊர் அந்த வட்டாரத்தில் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் எழுதிய நோட்டு அது. கையெழுத்து பழனி அண்ணனுடையது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. என் கணிப்பு தப்பாக இருந்தால், முப்பது வருட சர்வீஸ்காரர்மேல் பழி சொன்ன தற்காலிகப் பெண் என்று என்னை அன்றே அனுப்பிவிடுவார்கள். சரியாக இருந்தால் அவருடைய வேலை போய்விடும். ஓய்வு பெற அவருக்கு ஏழு மாதம்தான் இருந்தது. டாக்டரின் அறைவரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் கதவருகிலிருந்து திரும்பினேன்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை, மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் பழனி அண்ணனைத் தனியாகப் பிடித்தேன்.

“அண்ணே, அந்த ஊருக்குப் போனீங்களா?”

“போனேனே. இன்னாம்மா?”

நோட்டைத் திறந்து காட்டினேன். வயதுகள் எப்படி இருக்கும், இதில் எப்படி இருக்கிறது, மறுத்தவர்கள் ஏன் இல்லை என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னேன். சொல்லும்போது பயமாக இருந்தது. கூடவே, மறைக்காமல் எழுதுகிறேன், நான் கண்டுபிடித்துவிட்டேனே என்ற ஒரு பெருமையும் இருந்தது.

அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். வேட்டியை விலக்கி முழங்காலைக் காட்டினார். பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

“அந்தப் பாறைய ஏறி எறங்க முடியலம்மா. மத்த ஊருக்கெல்லாம் நெசமா போனேன். சத்தியமா சொல்றேன். இது ஒண்ணுதான்.”

“டாக்டர் சார்கிட்ட கால் வலின்னு சொல்லலாமே அண்ணே?”

“முடியாதவன்னு எழுதி இப்பவே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஒரு வாரம் குடும்மா. எப்பிடியாவது போயி குத்திட்டு வந்துடறேன். யாருக்கும் தெரிய வேணாம்.”

நான் தலையாட்டினேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்த கையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

அந்த வாரம் முழுக்க நான் செய்த கூட்டல் எதுவும் சரியாக வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் வந்து புது நோட்டை என் மேஜையில் வைத்தார். “போய்ட்டு வந்துட்டேன்மா” என்றார். முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தேன். இருபத்தைந்து, முப்பது, முப்பது, நாற்பது, ஐம்பது. மூன்று பேர் மறுத்திருந்தார்கள். ஐந்து பேர் வெளியூர். நாலு பேருக்குப் பலிக்கவில்லை. எல்லா ஊர் நோட்டும் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. போய்விட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நம்பினேன். அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் கட்டங்களில் எழுதி முடித்தேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். தாள்கள் சென்னைக்குப் போயின.

மூன்று வாரம் கழித்து அந்த ஊரின் தலையாரி மூச்சு வாங்க ஓடிவந்தார். “அய்யா, ஊர்ல ஆத்தா எறங்கியிருக்கா. இருபது நாளாச்சு. சொல்லக் கூடாதுன்னு மூடி வெச்சிருந்தாங்க. இப்ப அஞ்சு வீட்ல.”

வெளியூரில் ரோடு வேலைக்குப் போயிருந்த ஒருவர் காய்ச்சலோடு திரும்பியிருக்கிறார். வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். டாக்டர், இருந்த ஊழியர்கள் அத்தனை பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். பழனி அண்ணன் அன்று லீவு. நான் மட்டும் அலுவலகத்தில் இருந்தேன். அந்த ஊருக்குத்தான் குத்தியாகிவிட்டதே, ஐந்து வீட்டில் எப்படி வரும் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த நினைப்பு போய் முடிகிற இடம் எனக்குத் தெரிந்திருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஜீப் வந்தது. டாக்டருடைய டிபன் கேரியர் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. முகத்தில் புழுதியோடு உட்கார்ந்து கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.

“அந்த ஊர் நோட்டு ரெண்டையும் கொண்டு வா.”

இரண்டு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. கிராமத்து நோட்டு ஒவ்வொன்றும் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் என் மேஜைக்கு வரும் என்பது அப்புறம்தான் உறைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அறுபது வீட்டையும் பார்த்துட்டு வரேன். ஒரு கையிலகூடப் புதுத் தழும்பு இல்ல. முதல் நோட்டுல வயசெல்லாம் வரிசையா நிக்குது. ரெண்டாவதுல இருபது, முப்பதுன்னு நிஜமாட்டம் இருக்கு. அவனுக்கு நடுவுல இது எப்படித் தெரிஞ்சுது?”

கடிகாரம் மேஜைமேல்தான் இருந்தது. ஆனால் கேள்வி எனக்குத்தான்.

“நான்தான் சார் சொன்னேன்.”

“என்ன சொன்ன?”

“முதல் நோட்டு பொய்யின்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு எடுத்துச் சொன்னேன் சார். ஒரு வாரம் கேட்டாரு. குடுத்தேன்.”

“என்னிக்கு?”

தேதியைச் சொன்னேன். வேறு தேதி சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நிமிஷத்தில் அது தோன்றவும் செய்தது. ரோடு வேலைக்காரர் ஊர் திரும்பியது அந்தத் தேதிக்கு ஆறு நாள் கழித்து. நான் அன்றே சொல்லியிருந்தால் அவர் வருவதற்குள் ஊர் முழுக்கக் குத்தி முடித்திருப்பார்கள். டாக்டர் அந்தக் கணக்கைப் போடுவதை அவர் கண்ணிலேயே பார்த்தேன். நானும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் திட்டவில்லை. “எழுதிக் குடு. தேதியோட” என்றார். பிறகு வேறு ஒரு தாளை எடுத்துத் தானும் எழுத ஆரம்பித்தார். “ரெண்டு தடவையும் கையெழுத்து போட்டவன் நான். ஒரு கையைக்கூடப் பார்க்கல.” அன்று அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டதை நான் பார்க்கவில்லை.

மொத்தம் ஏழு பேருக்கு வந்தது. ஒரு பெரியவர் இறந்தார். மல்லிகா என்ற இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு கண் போனது. அவள் பெயர் இரண்டு நோட்டிலும் இருந்தது. இரண்டு நோட்டிலும் பலித்தது என்று எழுதியிருந்தது. அதற்குரிய எண்ணைக் கட்டத்துக்குள் அழகாக எழுதியது நான்.

பழனி அண்ணனை வேலையிலிருந்து நீக்கினார்கள். எனக்கு எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கை வந்தது. நீட்டிப்பு வராது என்றுதான் இருந்தேன். நைனாவிடம் சொல்லியும் வைத்துவிட்டேன். நைனா, “அந்தப் புள்ளக்கி எந்தக் கண்ணு?” என்று மட்டும் கேட்டார்.

நீட்டிப்பு வந்தது. டாக்டர் சிபாரிசு செய்திருந்தார், ஒரு நிபந்தனையோடு. இனி எந்த ஊரின் தாளும் நான் போய்ப் பார்க்காமல் சென்னைக்குப் போகக் கூடாது. நோட்டில் பத்தாவது, இருபதாவது, முப்பதாவது பெயர் என்று எடுத்துக்கொண்டு, அந்த வீடுகளுக்குப் போய், அந்தக் கைகளை நானே பார்க்க வேண்டும். பெயரை நான் முன்கூட்டி யாரிடமும் சொல்லக் கூடாது.

முதலில் அனுப்பியது அந்த ஊருக்கே. பாறைகளைச் சுற்றி ஏறிப் போனேன். மல்லிகாவின் அம்மா பச்சையம்மா வாசலில் நின்றிருந்தாள்.

“நீதான் கணக்கு எழுதற பொண்ணா?”

“ஆமாங்க.”

“எம் புள்ள பேரு உங்க நோட்டுல இருந்துச்சாமே? குத்தியாச்சுன்னு எழுதியிருந்துச்சாமே?”

“ஆமாங்க. எழுதியிருந்துச்சு.”

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. உள்ளே திரும்பி, “வாங்கடி, வந்து கையக் காட்டுங்க” என்று மற்ற இரண்டு குழந்தைகளையும் கூப்பிட்டாள். அவர்களுடைய சட்டைக் கையைத் தானே மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தழும்புகள் புதிதாக, பொருக்கு உதிர்ந்து, சிவப்பாக இருந்தன. “நல்லாப் பாத்துக்கோ. தொட்டுப் பாரு” என்றாள். தொட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அட்டை மெஷின் போய்ப் பெரிய மெஷின் வந்தது, அதுவும் போய் மேஜைமேல் வைக்கும் பெட்டி வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் பயந்துகொண்டேதான் பயிற்சிக்குப் போனேன். துறைப் பரீட்சைகளை எழுதி மெல்ல மேலே வந்தேன். எந்த மெஷினில் என்ன வந்தாலும் பத்துக்கு ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. புது மென்பொருளைக் கண்டு பயந்து வந்த அந்த இருவருக்கும் என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர்களுக்குத் தானாகப் பழகிவிடும்.

அந்தச் சம்பவம் நடந்து ஐந்து வருடம் கழித்து, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பழனி அண்ணனைப் பார்த்தேன். ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். கையில் தடி வைத்திருந்தார். நான் நிரந்தரமாகிவிட்டேனா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாயே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அதற்கு ஐந்து வருடமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர் அதைக் கேட்கவில்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ எனக்கு அந்த ஒரு வாரத்தக் குடுத்திருக்கக் கூடாதும்மா. அன்னிக்கே போயி சொல்லியிருந்தீன்னா, வேலை மட்டுந்தான் போயிருக்கும்.”

பஸ் வந்தது. படி உயரமாக இருந்தது. அவருடைய கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

கோ. அஞ்சலை